வெள்ளிக் களிமண் நகை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வெள்ளிக் களிமண்ணில் நகை செய்யத் தொடங்கியவர்கள் அனுப்பிய கேள்விகளில் பலரும் பொதுவாகக் கேட்டவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறோம். பதில்கள் எல்லாம் 999 தர வெள்ளி தரும் களிமண்ணுக்கு உரியவை. ஸ்டெர்லிங் (செம்பு கலந்த 925 தர வெள்ளி) களிமண்ணைச் சுடும் முறை வேறு. அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: இது வெள்ளி கலந்த மண்ணா? சுட்டபின் கிடைப்பது சுத்த வெள்ளிதானா?

இதில் மண்ணே கிடையாது. மிக நுண்ணிய வெள்ளித் துகள், அதைச் சேர்த்துப் பிடிக்கும் பிசின், தண்ணீர் ஆகிய மூன்றும்தான். 1990களின் தொடக்கத்தில் ஜப்பானின் மிட்சுபிஷி மெட்டீரியல்ஸ் நிறுவனம் இதை உருவாக்கியது. பிறகு அதே நாட்டின் ஐடா கெமிக்கல் நிறுவனம் ஆர்ட் கிளே சில்வர் என்ற பெயரில் தன் களிமண்ணைக் கொண்டுவந்தது. சுடும்போது பிசின் எரிந்து போகும். வெள்ளித் துகள்கள் உருகாமலே ஒன்றோடொன்று ஒட்டி இறுகும். எஞ்சுவது 999 வெள்ளி. 925 வெள்ளியில் இருக்கும் செம்பு இதில் இல்லாததால் உலோகம் மென்மையானது, எளிதில் வளையும். மெல்லிய கம்பி வேலைக்கும் கல்லைப் பிடிக்கும் நகங்களுக்கும் இது ஏற்றதல்ல. கனமான பதக்கம், தோடு, அகலமான மோதிரம் ஆகியவற்றுக்கு நன்றாகப் பொருந்தும்.

கேள்வி: தட்டையாக உருட்டிய சில நிமிடங்களிலேயே ஓரங்களில் விரிசல் விடுகிறது. எண்ணெய் தடவினாலும் நிற்கவில்லை.

எண்ணெயைக் கூட்டுவது தீர்வல்ல. விரிசலுக்குக் காரணம் தண்ணீர் குறைந்ததுதான். எண்ணெய் கையிலும் உருளையிலும் ஒட்டாமல் இருப்பதற்கு மட்டுமே. விரல் நுனியில் ஒரு துளி ஆலிவ் எண்ணெய் எடுத்து உள்ளங்கை முழுக்கப் பரப்பினால் போதும். அதிகமாகி மடிப்புக்குள் போய்விட்டால் இரண்டு அடுக்குகளும் சேராது. சுட்டபின் அங்கேயே ஏடு ஏடாகப் பிரியும்.

பொட்டலத்தைப் பிரிக்கும் முன் என்ன செய்யப்போகிறீர்கள் என்று முடிவு செய்து, அச்சு, கத்தி, உருளை எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். தேவையான அளவை மட்டும் கிள்ளி எடுத்து, மீதியை உடனே பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றுங்கள். எடுத்த மண்ணைப் பிளாஸ்டிக் தாளுக்குள் வைத்தே பிசைந்தால் கைச்சூட்டில் ஈரம் போகாது. கனத்துக்குச் சீட்டுக் கட்டு நல்ல அளவுகோல். மண்ணின் இரு பக்கமும் மூன்று மூன்று சீட்டுகளை அடுக்கி, உருளை அவற்றின் மேல் ஓடும்படி தேய்த்தால் சுமார் முக்கால் மில்லிமீட்டர் தகடு கிடைக்கும். நான்கு சீட்டுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. ஆழமான வேலைப்பாடு பதிக்க வேண்டுமானால் இன்னும் ஒன்றிரண்டு சீட்டு கூட்டிக்கொள்ளுங்கள்.

மேற்பரப்பில் மயிரிழை விரிசல் தெரிந்தால் நனைத்த தூரிகையால் ஒரு முறை நீவி, ஒரு நிமிடம் விட்டுப் பின் விரலால் அழுத்துங்கள். தண்ணீரைக் கொட்டினால் மேல்பகுதி சேறாகும், உள்ளே விரிசல் அப்படியே இருக்கும். விரிசல் ஆழமாக இருந்தால் தயங்காமல் சுருட்டிப் பிசைந்து மறுபடி உருட்டுவதே நல்லது.

இன்னொன்று: அலுமினியத் தகட்டின் மேலோ அலுமினியத் தாளின் மேலோ இந்த மண்ணை வைக்கக் கூடாது. இரண்டும் வினைபுரிந்து வெள்ளி கெட்டுவிடும். கண்ணாடி, பிளாஸ்டிக், டெஃப்ளான் தாள் ஆகியவை பாதுகாப்பானவை.

கேள்வி: எரிவாயு டார்ச்சில் சூடு காட்டியதும் பதக்கம் கொப்புளித்து, ஒரு ஓரம் தெறித்தே போய்விட்டது. நெருப்பு அதிகமா?

நெருப்பின் மேல் பழி போடுவதற்கு முன் ஈரத்தைப் பாருங்கள். வெளியே காய்ந்து வெள்ளையாகத் தெரியும் மண்ணின் நடுவில் ஈரம் தங்கியிருக்கும். அது ஆவியாகி வெளியேற வழியில்லாமல் உப்பும், தெறிக்கும். 1 மி.மீ. தகடாக இருந்தாலும் அறைச் சூட்டில் ஒரு முழு நாள் விடுங்கள். அவசரமென்றால் கோப்பையைச் சூடாக வைக்கும் மின்தட்டிலோ, 150 டிகிரி செல்சியஸில் வைத்த ஓவனிலோ அரை மணி நேரம். கனமான இடம், ஒட்டுப் போட்ட இடம், உள்ளே கூடான மணி ஆகியவற்றுக்கு இதைவிடக் கூடுதல் நேரம் ஆகும்.

காய்ந்துவிட்டதா என்று சோதிக்க எளிய வழி உண்டு. வெதுவெதுப்பாக இருக்கும் நகையைக் குளிர்ந்த கண்ணாடி மேல் சில விநாடி வைத்து எடுங்கள். கண்ணாடியில் பனிமூட்டம் படிந்திருந்தால் ஈரம் இன்னும் இருக்கிறது. மறுபடி காயவைத்து, கண்ணாடி தெளிவாக இருக்கும்வரை சோதியுங்கள். கடைசி நேரத்தில் விரிசலை அடைக்க, மண்ணைத் தண்ணீரில் குழைத்த ஈரக் குழம்பு தடவியிருந்தால் அதையும் சேர்த்து முதலிலிருந்து காயவைக்க வேண்டும். கொப்புளிக்கும் நகைகளில் பல இந்தக் கடைசி ஒட்டுப்பூச்சால்தான் கெடுகின்றன.

உப்பிய நகையைத் தூக்கிப் போட வேண்டாம். கொப்புளம் சிறியதாக இருந்தால், நகையை முழுமையாகச் சுட்டு முடித்தபின் மெருகுக்கோலால் (வழவழப்பான முனையுள்ள எஃகுக் கருவி) அழுத்தி அமர்த்தலாம். தெறித்த துண்டை லாவெண்டர் எண்ணெய் கலந்த வெள்ளிக் குழம்பால் ஒட்டி, நன்கு காயவைத்து, மறுபடி சூளையில் சுடலாம்.

கேள்வி: டார்ச்சில் சுட்ட மோதிரம் அணிந்த சில வாரங்களில் இரண்டாக உடைந்தது. உடைந்த இடம் மணல் போல் சொரசொரப்பாக இருக்கிறது. மண்ணின் தரம் சரியில்லையா?

மண்ணில் குறை இல்லை, வேக்காடு போதவில்லை. துகள்கள் ஒட்டத் தொடங்கி, பாதியில் நின்றிருக்கின்றன. முழுதாகச் சுட்ட 999 வெள்ளி வளைந்து கொடுக்கும், மணல் போல் உடையாது.

டார்ச்சில் சுடும்போது அறை விளக்கைக் குறையுங்கள், இல்லாவிட்டால் நிறம் தெரியாது. சன்னலைத் திறந்து வையுங்கள். நகையைத் தீச்செங்கல் மேல் வைத்து, சுடரை வட்டமாக ஆட்டியபடி மெல்லச் சூடேற்றுங்கள். முதலில் புகை வரும், சிறு சுவாலை எழும். அது பிசின் எரிவது. சில விநாடிகளில் அடங்கிவிடும். பிறகு நகை வெண்மையாகி, மெல்ல ஆரஞ்சு கலந்த இளஞ்சிவப்பாக ஒளிரத் தொடங்கும். *நேரத்தை எண்ணத் தொடங்க வேண்டியது அந்த நொடியிலிருந்துதான்.* புகை வந்ததிலிருந்து எண்ணுவதுதான் பரவலான தவறு. 5 கிராம் நகைக்குக் குறைந்தது ஒன்றரை நிமிடம், 15 கிராமுக்கு இரண்டரை நிமிடம், 25 கிராமுக்கு மூன்றரை நிமிடம் அந்த நிறம் மாறாமல் நிற்க வேண்டும். நிறம் மங்கினால் அந்த நேரம் கணக்கில் சேராது. மேற்பரப்பு பாதரசம் போல் பளபளத்தால் சுடரை உடனே விலக்குங்கள். வெள்ளி உருகப் போகிறது என்று அர்த்தம். 25 கிராமுக்கு மேற்பட்ட நகையில் சூடு எல்லா இடத்திலும் சமமாக நிற்காது. அதை டார்ச்சில் சுட வேண்டாம்.

மோதிரத்துக்கு எங்கள் பரிந்துரை மின்சூளைதான். விரலில் தினமும் அடிபடும் பொருளுக்கு டார்ச் தரும் வலிமை குறைவு. குறைந்த சூட்டில் வேகும் வகைகளுக்கு 650 டிகிரியில் 30 நிமிடம் போதும் என்று பொட்டலத்தில் எழுதியிருக்கும். அது குறைந்தபட்ச அளவு மட்டுமே. கல்லோ கண்ணாடியோ ஸ்டெர்லிங் கம்பியோ இல்லாத நகையை 900 டிகிரியில் 2 மணி நேரம் வைத்தால் வெள்ளி மிக நன்றாக இறுகும். வெள்ளி உருகும் நிலை சுமார் 962 டிகிரி என்பதால் இடையில் 60 டிகிரிதான் இருக்கிறது. உங்கள் சூளை காட்டும் அளவைவிட உண்மையில் அதிகமாகச் சூடாகிறதா என்பதை முதலில் சிறு துண்டு ஒன்றை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடையாமல் இருக்கும் மற்ற டார்ச் நகைகளையும் அதே சூளையில் மறுபடி சுடலாம். அரைகுறையாக வெந்ததை இரண்டாம் முறை சுடுவதால் எந்தக் கெடுதலும் இல்லை.

கேள்வி: மோதிர அளவு ஒவ்வொரு முறையும் தவறுகிறது. எவ்வளவு சுருங்கும்?

பொட்டலத்தில் போட்டிருக்கும் சுருக்க விகிதத்தைப் பாருங்கள். இப்போது பரவலாகக் கிடைப்பவை 8 முதல் 12 விழுக்காடு சுருங்கும். தொடக்க கால வகை 28 விழுக்காடு வரை சுருங்கியது. பழைய பாடக் குறிப்பு எதையாவது பார்த்து அளவெடுத்தால் மோதிரம் தொளதொளவென்றுதான் வரும்.

கணக்கு இப்படி: வேண்டிய உள்விட்டம் 17 மி.மீ., சுருக்கம் 10 விழுக்காடு என்றால் 17ஐ 0.9ஆல் வகுக்க 18.9 மி.மீ. வரும். 17உடன் 10 விழுக்காட்டைக் கூட்டினால் 18.7 என்று வந்து மோதிரம் இறுகிவிடும். அகலமான பட்டை விரலில் இன்னும் இறுக்கமாக உணரப்படும், அதற்கு அரை அளவு கூட்டுங்கள்.

மோதிரக் கட்டையில் காகிதம் சுற்றி, அதன் மேல் 1.5 மி.மீ. கனப் பட்டையைச் சுற்றுங்கள். இரு முனைகளையும் நேராக வெட்டி முட்ட வைக்காமல் சாய்வாக வெட்டி ஒன்றன் மேல் ஒன்று அமரும்படி குழம்பால் ஒட்டுங்கள். நேர் ஒட்டு சுருங்கும்போது வாய் பிளக்கும். காய்ந்ததும் காகிதத்தோடு உருவி எடுக்கலாம். அளவு துல்லியமாக வேண்டுமானால், வேண்டிய விட்டத்தில் வார்ப்புச் சுண்ணத்தால் ஆன வில்லையை உள்ளே வைத்துச் சுடுங்கள். மோதிரம் அதுவரை சுருங்கி நின்றுவிடும். பிறகு தண்ணீரில் போட்டால் வில்லை கரையும். முழுதாகச் சுட்ட மோதிரம் சற்றே இறுக்கமாக இருந்தால் எஃகுக் கட்டையில் ஏற்றி, தோல் சுத்தியலால் தட்டி அரை அளவு பெரிதாக்கலாம்.

கேள்வி: எந்தக் கற்களை மண்ணோடு சேர்த்தே சுடலாம்?

கியூபிக் சிர்கோனியா, ஆய்வகத்தில் உருவாக்கிய மாணிக்கம், நீலம், ஸ்பினல் ஆகியவை தாங்கும். முத்து, பவளம், அம்பர், டர்க்காய்ஸ், ஓப்பல், மரகதம் ஆகியவற்றைச் சூட்டருகே கொண்டுபோக வேண்டாம். செவ்வந்திக்கல் உடையாவிட்டாலும் நிறத்தை இழக்கும். இவற்றுக்கு 999 வெள்ளிப் பட்டையால் கூடு மட்டும் பதித்துச் சுட்டு, ஆறியபின் கல்லை வைத்து ஓரத்தை மடக்குங்கள்.

கல்லின் இடுப்புப் பகுதி, அதாவது அதன் மிக அகலமான விளிம்பு, மண்ணின் மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இறங்கியிருக்க வேண்டும். சுருங்கும் வெள்ளி அதைச் சுற்றி இறுகிப் பிடிப்பது அப்போதுதான். சுடுமுன் கல்லின் முகத்தை ஈரக் குச்சியால் துடையுங்கள். படிந்த வெள்ளித் தூள் கல்லோடு வெந்து ஒட்டிவிடும். கல் பதித்த நகையைத் தண்ணீரில் போடக் கூடாது. தானாக ஆறட்டும்.

கேள்வி: சுட்டு எடுத்த நகை சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கிறது. வெள்ளி மாதிரியே இல்லையே?

அது வெள்ளிதான். மேற்பரப்பு நுண்ணிய மேடுபள்ளமாக இருப்பதால் ஒளி சிதறுகிறது. சோப்பு நீரில் நனைத்த பித்தளைத் தூரிகையால் தேய்த்தால் ஒரே நிமிடத்தில் நிறம் மாறும். சோப்பு இல்லாமல் தேய்த்தால் பித்தளையின் மஞ்சள் படியும். கண்ணாடிப் பளபளப்பு வேண்டுமானால் 400, 600, 1200 என உப்புத்தாளை வரிசையாக மாற்றி, கடைசியில் மெருகுக்கோலால் அழுத்தித் தேய்க்க வேண்டும். ஒரு தாளின் கீறல் முழுவதும் மறையாமல் அடுத்ததற்குப் போனால் அந்தக் கீறல் கடைசிவரை தெரியும். இந்த உழைப்பில் பெரும்பகுதியைச் சுடுவதற்கு முன்பே, காய்ந்த மண்ணில் முடித்துவிடுவது சிறந்தது. அப்போது தேய்ப்பது மிக எளிது, உதிரும் தூளும் வீணாகாது. முகக்கவசம் அணிந்து தேயுங்கள்.

கேள்வி: தோட்டுக்குக் கொக்கி, பதக்கத்துக்கு வளையம் எப்படிப் பொருத்துவது?

சுடுமுன் பதிப்பதென்றால் 999 வெள்ளிக் கம்பியே வேண்டும். ஸ்டெர்லிங் கம்பியில் உள்ள செம்பு உயர் சூட்டில் கறுத்து, கம்பி நொறுங்கும் தன்மை பெறும். வேறு வழியில்லை என்றால் 650 டிகிரியைத் தாண்டாதீர்கள். சுட்டபின் பற்றவைப்பதென்றால், அந்த இடத்தை முதலில் மெருகுக்கோலால் நன்கு அழுத்துங்கள். இந்த வெள்ளியில் நுண்துளைகள் உண்டு. அழுத்தாவிட்டால் உருகிய பொடியை (பற்றவைக்க உருக்கும் உலோகக் கலவை) அது உறிஞ்சிக்கொள்ளும், ஒட்டு நிற்காது.

கேள்வி: காய்ந்து கல்லாகிவிட்ட மண்ணையும் தேய்த்த தூளையும் என்ன செய்வது?

இரண்டும் முழு மதிப்புள்ள வெள்ளி. சுடாததாக இருக்கும்வரை எத்தனை முறையானாலும் மீட்கலாம். காய்ந்த துண்டுகளை இடித்து, நுண்ணிய சல்லடையில் சலித்து, காய்ச்சி வடித்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குழையுங்கள். முதலில் சேராதது போல் தோன்றும். அவசரப்பட்டு நீரைக் கூட்டாமல், பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஓர் இரவு வைத்து மறுநாள் பிசைந்தால் இழைந்து வரும். ஓரிரு சொட்டு கிளிசரின் சேர்த்தால் வெடிப்பு குறையும். உப்புத்தாளின் மணல் கலந்திருக்கக்கூடிய தூளைக் கட்டியில் சேர்க்காமல், தனிக் குப்பியில் நீர் விட்டு ஒட்டுக் குழம்பாக வைத்துக்கொள்ளுங்கள். சுட்ட நகையை அராவிய தூளை இவற்றோடு ஒருபோதும் கலக்காதீர்கள். செம்பு, வெண்கலக் களிமண்ணுக்குப் பயன்படுத்திய கருவிகளையும் தனியே ஒதுக்கி வையுங்கள். சிறிதளவு கலந்தாலும் அடுத்த வெள்ளி நகையில் கறையும் பலவீனமும் வரும்.