மீல் மேக்கரில் அந்தப் பச்சை வாடை ஏன் வருகிறது? மட்டன் வாசனை வரவைக்க முடியுமா?

புரட்டாசியில் வீட்டில் யாரோ தட்டைத் தள்ளி வைத்திருப்பார்கள், அதனால்தான் கேட்கிறீர்கள் போல. எங்கள் வீட்டில் தள்ளியவர் மாமனார். ஞாயிறு என்றால் கறி என்று அம்மாப்பேட்டையில் வளர்ந்த மனிதர். "என்ன கண்ணு இது, ஊறின அட்டையாட்டம்" என்றார். சுருக்கென்றது.

வாடைக்கு உங்கள் மசாலா காரணமில்லை. சோயா பீன்ஸை உடைத்து அரைக்கும்போதே அதிலுள்ள லிப்பாக்சிஜனேஸ் என்ற நொதி கொழுப்பில் வேலை செய்து ஹெக்சனால் போன்றவற்றை உண்டாக்கிவிடும். வெட்டிய புல் வாடை அதுதான். மீல் மேக்கரை எண்ணெய் எடுத்த சோயா மாவில்தான் செய்கிறார்கள். ஆனாலும் புரதத்தோடு ஒட்டிய வாடை முழுசாகப் போகாது.

ஆட்டுக்கறிக்கென்று உள்ள வீச்சம் பெரும்பாலும் அதன் கொழுப்பில் இருக்கிறது. மீல் மேக்கரில் கொழுப்பே சொற்பம். எந்த மட்டன் மசாலாவைக் கொட்டினாலும் அந்த வாசனை வராது. வறுபட்ட வாசனையை வரவைக்கலாம், அது கறிக்கும் சோயாவுக்கும் பொது.

நான் உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, பச்சைத் தண்ணீரில் அலசி, கை வலிக்கப் பிழிவேன். ஈரம் நின்றால் வேகுமே தவிர சிவக்காது. அப்புறம் எண்ணெயில் ஓரம் முறுகும்வரை விட்டு, சின்ன வெங்காயம், கல்பாசி, பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய், கடைசியில் இடித்த மிளகு. இல்லாத கொழுப்புக்குத் தேங்காய்தான் ஈடு. மாமனார் வாய் திறந்து பாராட்டவில்லை. தட்டில் தேங்காய்ப் பல்கூட மிஞ்சவில்லை.

சைவம் உசத்தியா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. "100 கிராமில் 52 கிராம் புரதம், ருசி எதற்கு?" என்று ஜிம் தம்பிகள் வருவார்கள். அது காய்ந்த எடைக்கு, தம்பி. ஊறிய பிறகு பாதிக்கு மேல் தண்ணீர்தான்.

மிளகு என்றதும் வயிறு எரிகிறது. ஏற்காட்டில் ஏரிப் பக்கம் ஒரு கடையில் 'எஸ்டேட் மிளகு' வாங்கினேன். தண்ணீரில் போட்டால் பாதி மிதக்கிறது, அத்தனையும் பொக்கு. காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் மரமெல்லாம் மிளகுக்கொடி ஏறி நிற்கிற மலையில் இதை விற்க எப்படி மனசு வருகிறது? இப்போதெல்லாம் சேலம் செவ்வாய்ப்பேட்டையில்தான் வாங்குகிறேன். நாலு மிளகைக் கடித்துப் பார்த்த பிறகுதான் காசை எடுப்பேன். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.