மழைக்கு நெட் போகிறதென்றால் முதலில் தெருவில் விசாரியுங்கள்

தாம்பரத்தில் வாடகை வீடு, வீட்டிலிருந்தே வேலை, மழை பெய்தால் நெட் போய்விடுகிறது, பிஎஸ்என்எல், ஜியோ, ஏர்டெல் மூன்றில் எதற்கு மாறலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பிஎஸ்என்எல் ஃபைபரைப் பல இடங்களில் உள்ளூர் கேபிள்காரர்தான் பங்குதாரராக இருந்து நடத்துகிறார். ஆள் பொறுப்பானவராக இருந்தால் ஞாயிற்றுக்கிழமைகூட வந்து சரிசெய்து கொடுப்பார். அதனால் உங்கள் தெருவிலேயே இரண்டு மூன்று வீடுகளில் கேளுங்கள்: போன மழையில் லைன் அறுந்தபோது எத்தனை நாளில் ஆள் வந்தது? என்னைக் கேட்டால் அந்தப் பதில்தான் முக்கியம்.

இணைப்பு கொடுக்க வருபவரிடம், ஃபைபர் வயரில் வரும் ஒளி எவ்வளவு பலமாக இருக்கிறது என்று பவர் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மைனஸ் 20 டிபிஎம் (ஒளியின் பலத்தைச் சொல்லும் அளவு) பக்கம் இருந்தால் நல்லது. மைனஸ் 27-ஐ நெருங்கினால் ஒளி பலவீனம் என்று அர்த்தம்; வயர் எங்கோ மடங்கியிருக்கலாம், இல்லையென்றால் ஜாயின்ட் சரியில்லை. அவர் கிளம்புவதற்கு முன்பே சரிசெய்ய வைத்துவிடுங்கள், அப்புறம் ஆளைப் பிடிப்பது கஷ்டம்.

வேலைக்கு 100 எம்பிபிஎஸ் தாராளம். விளம்பர விலையோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். வாடகை வீடு என்பதால் வருடப் பணத்தை மொத்தமாகக் கட்ட வேண்டாம். கரண்ட் போனால் மோடமும் அணைந்துவிடும்; அதன் அடாப்டரில் 12 வோல்ட் என்று போட்டிருந்தால் அதற்கேற்ற மினி யுபிஎஸ் ஒன்று வாங்கிவிடுங்கள்.