ஏரி வண்டலை வயலுக்கு அடிக்கலாமா?

மண் பரிசோதனைதான் என் வேலை. கோடையில் ஏரிகள் வற்றியதும், வண்டலில் கன உலோகம் (ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள்) இருக்குமோ என்று வந்த கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

ஓசூரிலிருந்து: கெலவரப்பள்ளி அணையில் பொங்கும் நுரைதான் கன உலோகமா சார்?

இல்லை. அது சோப்புத்தூளும் சாக்கடையும் செய்கிற வேலை. பெங்களூர்க் கழிவு தென்பெண்ணையில் கலந்து வருகிறது. ஈயமும் காட்மியமும் நுரைக்காது, நாறாது. அதனால் நுரையில்லாத ஏரியெல்லாம் சுத்தம் என்று நினைக்க வேண்டாம்.

பாலக்கோடு விவசாயி: எங்க ஏரித் தண்ணி டெஸ்ட்ல நல்லா வந்துச்சு அண்ணா. பத்து லோடு வண்டல் அடிக்கலாமா?

கொஞ்சம் பொறுங்க தம்பி. உலோகம் தண்ணீரில் அதிக நாள் நிற்காது. களிமண்ணிலும் மட்கிலும் ஒட்டி அடியில் படிந்துவிடும், மக்கவும் செய்யாது. நம் பக்கம் வெயில் தண்ணீரைக் குடித்துவிடும், உலோகம் அங்கேயே தங்கும். ஏரி வற்றிப் பாளம் பாளமாக வெடிக்கும்போது உள்ளே காற்று புகும். சேற்றில் கந்தகத்தோடு கட்டுண்டு கிடந்த காட்மியம் அப்போது அவிழ்ந்து, முதல் மழையில் கிளம்பும்.

முதலில் வரத்துக் கால்வாயோடு நடந்து பாருங்கள். காட்டு மழைநீர் மட்டும் வருகிறதென்றால் எனக்குப் பெரிய பயமில்லை. வழியில் முலாம் பட்டறையோ, பழைய பேட்டரி உடைக்கும் இடமோ இருந்தால் டெஸ்ட் பண்ணாமல் அள்ளாதீர்கள். கால்வாய் வாயில் மணல்தான் கிடக்கும். அதை டெஸ்டுக்குக் கொடுத்தால் ரிசல்ட் அழகாக வரும், பிரயோஜனம் இல்லை. மதகுப் பக்கத்துக் களிமண்ணை நாலைந்து இடத்தில் பிளாஸ்டிக் கரண்டியால் எடுங்கள். தகர வாளி வேண்டாம், அதன் துத்தநாக முலாமே கணக்கில் சேர்ந்துவிடும். மண்வள அட்டையின் 12 அளவுகளில் துத்தநாகமும் தாமிரமும் உண்டு, ஈயமும் காட்மியமும் கிடையாது. லேபில் தனியாகக் கேட்க வேண்டும்.

தர்மபுரியிலிருந்து: பல் காவியாவதும் இதனால்தானா?

அது ஃபுளோரைடு. உலோகமே இல்லை, பாறையிலிருந்து போர்வெல் தண்ணீரில் இறங்குவது.

கிருஷ்ணகிரி அக்கா ஒருவர்: ஏரி ஜிலேபி மீனை நன்றாக வேகவைத்தால் சரியாகுமா?

வேகவைத்தால் உலோகம் போகாது அக்கா. ஈயமும் காட்மியமும் செவுள், குடல், ஈரலில்தான் அதிகம் சேரும், அவற்றைக் கழித்துவிடுங்கள். பாதரசம் மட்டும் சதையிலேயே ஏறும். சாக்கடை சேரும் ஏரி மீனைக் குழந்தைகளுக்கு நான் கொடுக்க மாட்டேன்.

மறுபடியும் பாலக்கோடு: போன வருஷமே ரெண்டு லோடு அடிச்சுட்டேனே அண்ணா!

சரி, அந்த வயல் மண்ணையும் சேர்த்து டெஸ்டுக்குக் கொடுங்கள். ரிசல்ட் வரும்வரை அங்கே கீரையும் முள்ளங்கியும் போடாதீர்கள்.