விண்டியில் 18 நாட் காட்டுகிறது, கிளம்பலாமா? காற்று முன்கணிப்பு கேள்வி பதில்

கைட் சர்ஃபிங் (பெரிய பட்டம் இழுக்க, பலகையில் கடலில் சறுக்குவது), விண்ட்சர்ஃபிங் (பாய் கட்டிய பலகையில் சறுக்குவது) பழகும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும். விண்டி, விண்ட்குரு இரண்டும் காற்று முன்கணிப்பு ஆப்கள். நாட் (knot) என்பது காற்று வேகத்தின் அலகு.

ஒரே நாளுக்கு விண்டி ஒரு எண் சொல்கிறது, விண்ட்குரு வேறு சொல்கிறது. எதை நம்புவது?

ஆப்பைப் பார்க்காதீர்கள், உள்ளே எந்த மாடல் (வானிலையைக் கணக்கிடும் கணினி நிரல்) ஓடுகிறது என்று பாருங்கள். அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ், ஐரோப்பாவின் இசிஎம்டபிள்யூஎஃப், ஜெர்மனியின் ஐகான் ஆகியவைதான் பெரும்பாலும் இருக்கும். நான் முதலில் திறப்பது ஐரோப்பிய மாடல். மூன்றும் ஒத்துப்போனால் தைரியமாகத் திட்டமிடலாம். ஆளுக்கொரு எண் சொன்னால் ஒரு நாள் பொறுங்கள். ஐந்து நாளுக்கு மேல் காட்டுவதை வைத்து பஸ் டிக்கெட் எடுக்க வேண்டாம்.

ராமேஸ்வரத்தில் 12 நாட் என்று போட்டிருந்தது. போய்ப் பார்த்தால் அதைவிடப் பலமான காற்று, சிறிய கைட்தான் தேவைப்பட்டது. ஏன்?

மாடல் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு சராசரி சொல்கிறது. ஐரோப்பிய மாடலிலேயே ஒரு கட்டம் சுமார் 9 கிலோமீட்டர். ராமேஸ்வரம் மாதிரி ஒல்லியான தீவில் மணல், மரம், வீடு, கடல் எல்லாம் ஒரே கட்டத்துக்குள் வந்துவிடும். நிலம் காற்றைத் தடுப்பதால் எண் குறைகிறது. ஊர் பெயரைத் தட்டாமல், காற்று வரும் பக்கம் கடலுக்குள் சில கிலோமீட்டர் தள்ளிப் புள்ளி வைத்துப் பாருங்கள். அப்புறம், கையடக்க காற்றுமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முன்கணிப்பு எவ்வளவு, கரையில் அளந்தது எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி வந்தால், ஒரே சீசனில் உங்கள் கரைக்கு எத்தனை நாட் கூட்ட வேண்டும், குறைக்க வேண்டும் என்பது பிடிபடும். எந்த ஆப்பும் இதைச் சொல்லித் தராது.

அண்ணா, தனுஷ்கோடியில் ஜூலையில் வடக்குக் கரையில் தண்ணீர் தட்டையாக இருக்கிறது. புதிதாகப் பழக அதுதானே நல்லது?

தம்பி, தனியாகப் போகவே போகாதே. ஜூலையில் வீசுவது தென்மேற்குக் காற்று, நம் மீனவர்கள் சொல்லும் கச்சான். தெற்கே மன்னார் வளைகுடா பக்கம் அது கரையை நோக்கி வரும். வடக்கே பாக் விரிகுடா பக்கம் கரையிலிருந்து கடலுக்குள் தள்ளும். தண்ணீர் தட்டையாக இருப்பதற்கே அதுதான் காரணம். கைட் விழுந்தால் காற்று உன்னைக் கரைக்குக் கொண்டுவராது, நேரே நடுக்கடலுக்கு இழுத்துப்போகும். பன்னாட்டுக் கடல் எல்லையும் அங்கே பக்கம். வாடைக்காற்று மாதங்களில் இது தலைகீழாகும். அதனால் முதலில் திசை, பிறகுதான் வேகம். 225 டிகிரி என்றால் தென்மேற்கிலிருந்து வருகிறது என்று பொருள், அங்கே போகிறது என்று அல்ல.

14 நாட், கஸ்ட் (திடீர் வீச்சு) 28 என்று இருக்கிறது. சராசரி 21 என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. வேகம் இரண்டு மடங்கானால் கைட்டின் இழுவை நான்கு மடங்காகும். 18 நாட், கஸ்ட் 22 என்றால் நல்ல காற்று. 14 நாட், கஸ்ட் 28 என்றால் வீட்டில் இருக்க வேண்டிய காற்று.

ஜூனில் சென்னைப் பக்கத்துக் கோவளத்தில் கடல்காற்று சில நாள் பகல் 12 மணிக்கே வருகிறது, சில நாள் வருவதே இல்லை. முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு, எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நிலம் சூடாகி மேலே எழும் காற்றின் இடத்தைக் கடல்காற்று நிரப்ப வருகிறது. ஜூனில் சென்னைப் பக்கம் மேலே மேற்குக் காற்று எதிராகத் தள்ளிக்கொண்டிருக்கும். விண்டியில் உயரத்தை 850 ஹெக்டோபாஸ்கலுக்கு மாற்றுங்கள், அதாவது சுமார் 1500 மீட்டர். அங்கே மேற்குக் காற்று பலமாக இருந்தால் கடல்காற்று தாமதமாகும், அல்லது உள்ளே நுழையாது. பலவீனமாக இருந்து வானமும் வெளுத்திருந்தால் சீக்கிரம் வரும். மேகப் படத்தையும் பாருங்கள். காலையிலிருந்தே மூட்டமாக இருந்தால் நிலம் சூடாகாது.

இலங்கையின் கற்பிட்டிக்கு எப்போது போகலாம்?

மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்று. டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குக் காற்றில் ஒரு சின்ன சீசன்.

காற்று எண் நன்றாக இருக்கிறது, ஆனால் மாலையில் இடிமழை என்று காட்டுகிறது. காலையில் இறங்கலாமா?

இறங்கலாம், வானத்தைப் பார்த்துக்கொண்டே. இடிமேகம் கீழே கொட்டும் காற்று சில நிமிடங்களில் 10 நாட் வேகத்திலிருந்து 35க்கு ஏறிவிடும். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று மாடலால் குறிக்க முடியாது. தூரத்தில் கருமேகம் திரண்டாலே கரையேறி கைட்டை இறக்கிவிடுங்கள். கிளம்பும் முன் வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும் பாருங்கள். படகுகள் போகவில்லை என்றால் நீங்களும் போக வேண்டாம்.