லேப்டாப் திரை டிவியில் தயங்கித் தயங்கி வருகிறதா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்களிடம் 200 எம்பிபிஎஸ் இணைய இணைப்பு இருக்கிறது. லேப்டாப்பில் விண்டோஸ் கீயோடு கே எழுத்தை அழுத்தி டிவியோடு வயரில்லாமல் இணைக்கிறேன். மவுஸை நகர்த்தி அரை விநாடி கழித்துத்தான் டிவியில் அம்புக்குறி நகர்கிறது. வீடியோ போட்டால் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. இணைய வேகத்தைக் கூட்டினால் சரியாகுமா?

பதில்: ஆகாது, அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள். நீங்கள் பயன்படுத்துவது மிராகாஸ்ட். லேப்டாப் தன் திரையைப் படம் பிடித்து, எச்.264 முறையில் சுருக்கி, டிவிக்கு நேரடியாக வைஃபையில் அனுப்புகிறது. டிவி அதை விரித்துக் காட்டுகிறது. இந்தப் பாதையில் இணையமே வருவதில்லை. இணைய இணைப்பு அறுந்து கிடந்தாலும் மிரரிங், அதாவது லேப்டாப் திரையை டிவியில் காட்டுவது, நடக்கும். சுருக்குவதற்கும் விரிப்பதற்கும் நேரம் பிடிப்பதால் பத்தில் ஒரு பங்கு விநாடி அளவுக்குத் தாமதம் எப்படியும் இருக்கும். அரை விநாடி என்பதுதான் கோளாறு.

முதலில் சந்தேகப்பட வேண்டியது லேப்டாப்பின் வைஃபை கார்டை. வைஃபை அலைவரிசை, சேனல் எனப்படும் எண்ணிட்ட பிரிவுகளாகப் பிரிந்திருக்கிறது. பெரும்பாலான கார்டுகள் ஒரு நேரத்தில் ஒரு சேனலில்தான் இயங்கும். ரூட்டரோடு 2.4 கிகாஹெர்ட்ஸில் 6ஆம் சேனலிலும், டிவியோடு 5 கிகாஹெர்ட்ஸில் 36ஆம் சேனலிலும் பேச வேண்டியிருந்தால், கார்டு இங்கும் அங்கும் ஓயாமல் தாவிக்கொண்டே இருக்கும். ரூட்டர் பக்கம் இருக்கும் ஒவ்வொரு கணமும் டிவிக்குப் போக வேண்டிய படம் வரிசையில் நிற்கும். சிக்னல் முழுதாகக் காட்டினாலும் படம் திக்குவது இதனால்தான்.

உறுதிப்படுத்த ஒரு சோதனை. லேப்டாப்பிலேயே சேமித்து வைத்திருக்கும் வீடியோ ஒன்றை மிரரிங்கில் ஓடவிடுங்கள். ஓடும்போதே ரூட்டரின் வைஃபை பெயரைச் சொடுக்கி ‘டிஸ்கனெக்ட்’ கொடுங்கள். வைஃபையையே அணைத்துவிடாதீர்கள், மிரரிங்கும் சேர்ந்து போய்விடும். துண்டித்ததும் படம் சீராக ஓடினால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது.

இதற்குச் சிறந்த மருந்து, லேப்டாப்பை ரூட்டரோடு லான் கேபிளில் இணைத்து, வைஃபையை டிவிக்கு மட்டும் விட்டுவிடுவது. கேபிள் போட வழியில்லையென்றால், லேப்டாப்பை ரூட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் நெட்வொர்க்கில் சேர்த்து, ரூட்டர் செட்டிங்கில் சேனலை ‘ஆட்டோ’வில் விடாமல் 36, 40, 44, 48 இவற்றில் ஒன்றாக நிலைநிறுத்துங்கள். 52 முதல் 144 வரையுள்ள சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துவதால், லேப்டாப்–டிவி நேரடி இணைப்பு பொதுவாக அவற்றைத் தவிர்க்கும். ரூட்டர் 100ஆம் சேனலில் உட்கார்ந்திருந்தால், டிவி இணைப்பு வேறு சேனலைத் தேடிப் போகும், தாவல் மறுபடி தொடங்கும். இப்போது எந்தச் சேனலில் இருக்கிறீர்கள் என்பதை விண்டோஸ் செட்டிங்ஸில் வைஃபை நெட்வொர்க்கின் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பகுதியில் பார்க்கலாம். பேண்ட் (2.4 அல்லது 5 கிகாஹெர்ட்ஸ்), சேனல், இணைப்பு வேகம் மூன்றும் அங்கே இருக்கும்.

டிவியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் உண்டென்றால் எதிர்த் திசையில் போங்கள். லேப்டாப்பையும் 2.4க்கு இறக்கி, ரூட்டரை 1, 6, 11 ஆகிய சேனல்களில் நெரிசல் குறைந்த ஒன்றில், 20 மெகாஹெர்ட்ஸ் சேனல் அகலத்தில் வையுங்கள். அக்கம்பக்கத்து ரூட்டர்கள், ப்ளூடூத் எல்லாம் அந்த அலைவரிசையில்தான் முட்டிமோதுகின்றன. அதனால் திரை அளவை 1280 x 720க்குக் குறைத்துக்கொள்வது நல்லது. இன்னொன்றும் உண்டு. யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கும் ஹப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலை உமிழும். லேப்டாப்பை ஒட்டி ஹார்ட் டிஸ்க் இருந்தால், கழற்றிவிட்டு ஒருமுறை பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மவுஸ் மட்டும் பின்தங்கி, வீடியோ சீராக ஓடினால் அது கோளாறே இல்லை, செட்டிங். மிரரிங் நடக்கும்போது திரையின் மேல் விளிம்பில் வரும் பட்டையில் பல்சக்கரக் குறியைச் சொடுக்கினால் கேம், வேலை, வீடியோ என்று மூன்று முறைகள் இருக்கும். வீடியோ முறை, படம் தடங்காமல் இருக்க வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் முன்கூட்டியே சேமித்துக்கொண்டு காட்டும். தாமதம் அங்கேதான் கூடும். எழுதவும் விளக்கப்படம் காட்டவும் வேலை முறை போதும்.

கேள்வி: டிவியை ரூட்டரோடு லான் கேபிளில் இணைத்தேன். மிரரிங்கில் ஒரு மாற்றமும் தெரியவில்லையே?

பதில்: மேலே சொன்னதுதான் காரணம். மிராகாஸ்ட் ரூட்டரைத் தொடாமல் லேப்டாப்பிலிருந்து டிவிக்குக் காற்றிலேயே போகிறது, நீங்கள் போட்ட கேபிள் அந்தப் பாதையில் இல்லை. விண்டோஸ் 10இன் 1703 பதிப்பு முதல், இருக்கும் நெட்வொர்க் வழியாகவே மிராகாஸ்ட் அனுப்பும் வசதி வந்துவிட்டது. ஆனால் பெறும் கருவிக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். குரோம் பிரவுசரிலிருந்து டிவிக்கு அனுப்பும் கூகுள் காஸ்ட் என்றால் கதை வேறு. அது ரூட்டர் வழியாகத்தான் போகும் என்பதால் கேபிள் நன்றாகவே உதவும். பல டிவிகளின் லான் போர்ட் 100 எம்பிபிஎஸ் மட்டும்தான், அதற்காகக் கவலை வேண்டாம். முழு எச்டி மிரரிங்குக்கு 20 எம்பிபிஎஸ்ஸே தாராளம்.

கேள்வி: குரோமில் யூடியூப் டேபை காஸ்ட் செய்தால் லேப்டாப்பின் ஃபேன் அலறுகிறது, படமும் விட்டு விட்டு வருகிறது.

பதில்: டேபை காஸ்ட் செய்தால் லேப்டாப் வீடியோவை இறக்கி, விரித்து, மறுபடி சுருக்கி அனுப்ப வேண்டும். ஒரே வேலைக்கு இரட்டை உழைப்பு. யூடியூப் பிளேயருக்குள்ளேயே இருக்கும் காஸ்ட் குறியை அழுத்துங்கள். அப்போது வீடியோவின் முகவரி மட்டும் டிவிக்குப் போகும், படத்தை டிவியே இணையத்திலிருந்து நேராக எடுத்துக்கொள்ளும். லேப்டாப் வெறும் ரிமோட்டாகிவிடும். இணைய வேகம் முக்கியமாவது இந்த முறையில்தான். காஸ்ட் பட்டியலில் டிவியே தென்படவில்லையென்றால், லேப்டாப், டிவி இரண்டில் ஒன்று ‘கெஸ்ட்’ (விருந்தினருக்கான தனி) நெட்வொர்க்கில் இருக்கிறதா, லேப்டாப்பில் இணையப் போக்குவரத்தை வேறு சர்வர் வழியாகத் திருப்பும் விபிஎன் ஓடுகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: லேப்டாப்பில் சார்ஜர் செருகியிருக்கும்போது மிரரிங் நன்றாக வருகிறது. கழற்றினால் தடுமாறுகிறது. பேட்டரி போய்விட்டதா?

பதில்: பேட்டரிமேல் பழி போடாதீர்கள். சார்ஜரைக் கழற்றியதும் விண்டோஸ் பிராசசரின் வேகத்தைக் குறைக்கிறது, வைஃபை கார்டையும் சிக்கன முறைக்கு மாற்றலாம். பவர் செட்டிங்கில் ‘பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்’ வையுங்கள், ‘பேட்டரி சேவர்’ அணைந்திருக்கட்டும். அப்படியும் தடுமாறினால், மிரரிங் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) பக்கத்தைத் திறந்து ‘வீடியோ என்கோட்’ வரைபடத்தைப் பாருங்கள். அது அசையாமல் கிடக்க, சிபியு (பிராசசர்) மட்டும் 90 சதவீதத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், சுருக்கும் வேலையை கிராபிக்ஸ் சிப் செய்யாமல் பிராசசரே சுமக்கிறது என்று சந்தேகிக்கலாம். லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பியுங்கள். வைஃபை டிரைவரையும் கையோடு புதுப்பித்துவிடலாம்.

லேப்டாப் திரை 2560 x 1600 போன்ற அளவில் இருந்தால் இன்னொரு சுமையும் சேரும். விண்டோஸ் கீயோடு பி அழுத்தி ‘செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி’ தேர்ந்தெடுத்து, அளவை 1920 x 1080 ஆக்குங்கள்.

கேள்வி: டிவியில் படம், லேப்டாப்போடு இணைத்த ப்ளூடூத் ஸ்பீக்கரில் ஒலி. உதட்டசைவு பொருந்தவே மாட்டேன் என்கிறது.

பதில்: பொருந்தாது. படம் ஒரு தாமதத்தோடும் ஒலி வேறொரு தாமதத்தோடும் தனித்தனிப் பாதையில் போகின்றன. ஒலியையும் டிவிக்கே அனுப்பிவிட்டு, ஸ்பீக்கரை டிவியோடு இணையுங்கள்.

கேள்வி: இதில் கேம் விளையாட முடியுமா?

பதில்: சதுரங்கம், சீட்டு என்றால் தாராளமாக. கார் பந்தயம், துப்பாக்கிச் சண்டை என்றால் எச்டிஎம்ஐ கேபிள்தான். கேபிள் செருகிய பிறகும் சற்றுத் தாமதம் தெரிந்தால், டிவி படத்தை மெருகேற்றுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் அது. டிவியின் பிக்சர் மெனுவில் ‘கேம் மோட்’ போட்டுவிடுங்கள். மிராகாஸ்டில் பார்க்கும்போதும் சில டிவிகளில் இது வேலை செய்யும்.