அமீகா 1200-க்கு எந்த கார்ட் வாங்குவது?

கேள்வி: இங்கிலாந்திலிருந்து வந்த சித்தப்பா தன்னுடைய பழைய கொமடோர் அமீகா 1200 கணினியைத் தந்துவிட்டுப் போனார். ஹார்ட் டிஸ்க் இல்லை. பிளொப்பிகள் இங்குள்ள ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கின்றன. 64 ஜிபி எஸ்டி கார்டும், அதை ஐடிஈ (ஹார்ட் டிஸ்க் இணைப்பு முறை) ஆக மாற்றும் போர்டும் ஒன்லைனில் பார்த்தேன். வாங்கலாமா?
– வாசகர், நானுஓயா

பதில்: வேண்டாம். 4 ஜிபி கொம்பக்ட் ஃபிளாஷ் கார்ட் ஒன்றும் 44 பின் அடாப்டர் ஒன்றும் போதும்.

இந்த மெஷின் வந்தது 1992இல். இதன் சிப்பிலேயே பதிந்துள்ள அடிப்படை மென்பொருளான கிக்ஸ்டார்ட்டின் 3.0, 3.1 பதிப்புகள் இரண்டுமே 4 ஜிபிக்கு அப்பால் முகவரி கணக்கிடத் தெரியாதவை. எல்லையைத் தாண்டி எழுதினால் தரவு கார்டின் தொடக்கத்துக்கே திரும்பிப் போய், அங்கிருப்பதை அழித்துவிடும். முதல் நாளே இது தெரியாது. கார்ட் நிறைந்துகொண்டு வரும்போதுதான் தெரியும். எஸ்டி மாற்றிப் போர்டில் இடையே ஒரு சிப் வேறு இருக்கிறது. சில போர்டுகள் அமீகாவோடு ஒத்துப்போகும், சில போகாது. கொம்பக்ட் ஃபிளாஷ் தானாகவே ஐடிஈ பேசும் என்பதால் அடாப்டரில் இணைப்புகளைத் தவிர பெரிதாக எதுவும் இல்லை.

புதுக் கார்டுக்குக் காசைக் கொட்டாதீர்கள். ஹட்டன், கண்டிப் பக்கம் கல்யாண ஸ்டூடியோக்களில் பழைய கமராக்களின் கார்டுகள் லாச்சியில் சும்மா கிடக்கும், கேட்டுப் பாருங்கள். வாங்குமுன் கணினியில் முழுக் கொள்ளளவும் எழுதி வாசித்துச் சோதியுங்கள். போலிகள் அங்கேதான் பிடிபடும். அடாப்டர் மடிக்கணினி டிஸ்குக்கான 44 பின் வகையாக இருக்கவேண்டும். 40 பின் வகை மேசைக் கணினிக்குரியது, அதன் பின் இடைவெளியே வேறு. 44இல் மின்சாரமும் அதே ரிப்பன் கேபிளில் வந்துவிடும். சிவப்புக் கோடு இரு பக்கமும் பின் 1-இல் நிற்கிறதா பாருங்கள். தலைகீழாக மாட்டினால் கார்ட் போய்விடும்.

மூடியைத் திறந்ததும் முதலில் போர்டில் உள்ள சிறிய வட்டக் கெபாசிட்டர்களைப் பாருங்கள். அடியில் ஈரப்பசையோ மங்கிய ஈயமோ தெரிந்தால் கார்டுக்கு முன் அவற்றை மாற்றுங்கள். கசியும் திரவம் போர்டின் செப்புத் தடங்களை அரித்துவிடும். எங்களைக் கேட்டால், கையில் உள்ள பணம் முதலில் போகவேண்டியது இதற்குத்தான்.

பிறகு அமீகாவின் இன்ஸ்டால் டிஸ்கில் உள்ள, டிஸ்கைப் பிரிக்கும் மென்பொருளான எச்டி டூல்பொக்ஸில் புதிய டிரைவ் வகையைத் தேர்ந்து, கார்டின் விவரங்களை வாசிக்கவிடுங்கள். முதல் பிரிவு 500 எம்பி. மீதியை 2 ஜிபிக்குக் குறைந்த இரண்டாகப் பிரியுங்கள். பலர் தவறவிடும் இடம் மெக்ஸ் டிரான்ஸ்ஃபர், அதாவது ஒரே தடவையில் கடத்தும் தரவின் உச்ச அளவு. ஒவ்வொரு பிரிவிலும் அதை 0எக்ஸ்1எஃப்ஈ00 (0x1FE00) ஆக்குங்கள், அதாவது 255 செக்டர், 130560 பைட். எண்ணை அடித்ததும் ரிட்டர்ன் விசையை அழுத்தாவிட்டால் அது பதியாது. இதை விட்டுவிட்டால் சின்னக் கோப்புகள் ஒழுங்காக ஓடும். பெரிய கோப்புகள் சத்தமில்லாமல் கெடும். சேமித்து, மீண்டும் தொடக்கி, ஃபோர்மட் செய்யுங்கள்.

கரண்ட் அடிக்கடி போகும் இடமென்றால் பிஎஃப்எஸ்3 கோப்பு முறைமையைப் போடுங்கள். அமீகாவின் வழக்கமான கோப்பு முறைமையான எஃப்எஃப்எஸ், எழுதும்போது மின்சாரம் நின்றால் அடுத்த முறை முழுப் பிரிவையும் சரிபார்க்கக் கிளம்பும்; அது முடியாவிட்டால் அதற்குமேல் எழுதவிடாது. எதுவானாலும் டிரைவ் விளக்கு அணைந்து சில நொடி பொறுத்தே சுவிட்சை அணையுங்கள்.

கேள்வி: அமீகா கார்டை விண்டோஸில் போட்டால் ‘ஃபோர்மட் செய்யவா’ என்று கேட்கிறது. செய்யலாமா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: கூடவே கூடாது. அமீகாவின் பிரிவு அட்டவணை விண்டோஸுக்குப் புரியாது; ‘ஆம்’ என்றால் அதன் மேலேயே எழுதிவிடும். கோப்புகளை ஏற்ற, விண்டோஸில் அமீகாவைப் போல இயங்கும் வின்யூஏஈ மென்பொருளை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து கார்டை ஹார்ட் டிரைவாக இணையுங்கள். இல்லையேல் இன்னொரு கார்டை விண்டோஸில் ஃபேட் முறையில் ஃபோர்மட் செய்து, பிசிஎம்சிஐஏ (பழைய மடிக்கணினிகளின் கார்ட் வகை) அடாப்டரில் வைத்து அமீகாவின் இடப்பக்கத் துளையில் செருகலாம். இதற்கு அமீகாவில் கொம்பக்ட் ஃபிளாஷ் டிரைவரும், ஃபேட் முறையை வாசிக்க உதவும் ஃபேட்95 மென்பொருளும் தேவை. ரீசெட் செய்தபின் அந்தக் கார்ட் தெரியாமல் போவது இந்த மெஷினின் பழைய கோளாறு. கழற்றி மீண்டும் செருகினால் வந்துவிடும்.