பட்டம் பெற்ற பின்னும் சொராரிட்டி: கேள்வி பதில்

அமெரிக்கக் கல்லூரிகளின் மாணவியர் சங்கமான சொராரிட்டியில் மாணவியாகச் சேர்ந்து, இன்று அதன் பட்டதாரிக் கிளையில் பணியாற்றும் உறுப்பினர் ஒருவர் வாசகியரின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

கேள்வி: வேலைக்காக வேறு மாநிலம் வந்துவிட்டேன். சங்க உறவு இத்துடன் முடிந்துவிடுமா?

பதில்: முடியாது. உறுப்பினர் என்ற தகுதி பொதுவாக வாழ்நாள் முழுமைக்கும் உரியது. புதிய முகவரியைத் தலைமையகத்துக்குத் தெரிவித்து, அருகில் உள்ள பட்டதாரிக் கிளை எதுவென்று கேளுங்கள். முதல் கூட்டத்துக்குத் தனியாகச் செல்ல எனக்கும் தயக்கமாகத்தான் இருந்தது. அரைமணி நேரம் முன்னதாகவே போய் நாற்காலிகளை வரிசைப்படுத்திக் கொண்டிருந்தேன். வருகைப் பதிவேட்டுடன் வந்த மூத்த உறுப்பினர் ஒருவர் என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, கையைப் பிடித்து அழைத்துச் சென்று தம் அருகில் அமர்த்திக்கொண்டார்.

கேள்வி: பட்டதாரிக் கிளை என்றால் விருந்தும் அரட்டையும்தானே என்கிறார் என் கணவர்.

பதில்: அவருக்கு மிசிசிப்பியின் கதையைச் சொல்லுங்கள். 1908ஆம் ஆண்டு ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவியர் தொடங்கிய ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா சங்கத்தின் உறுப்பினர்கள், டொரத்தி ஃபெரபீ என்ற மருத்துவரின் தலைமையில், 1935ஆம் ஆண்டு கோடையில் அம்மாநிலத்தின் ஏழைக் கிராமங்களுக்கு மருத்துவ முகாம் நடத்தச் சென்றார்கள். பருத்தித் தோட்ட முதலாளிகள் தொழிலாளர்களை முகாமுக்கு அனுப்ப மறுத்தபோது, அப்பெண்கள் திரும்பிப் போய்விடாமல், மருந்துகளைத் தங்கள் கார்களில் ஏற்றிக்கொண்டு தோட்டங்களுக்கே சென்று குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். ஒரு கோடையோடு நின்றுவிடாமல் 1942 வரை நீடித்த பணி அது. கல்லூரியை விட்டு வெளியேறித் தொழிலும் அனுபவமும் பெற்ற பெண்கள் இல்லாமல் இப்பணி நடந்திருக்கவே முடியாது. பட்டதாரிக் கிளைகளைச் சங்கத்தின் முதுகெலும்பாக நான் கருதுவது இதனால்தான்.

கேள்வி: மூன்று ஆண்டுகளாகச் சந்தா கட்டவில்லை. திரும்பி வரலாமா?

பதில்: தாராளமாக வரலாம். வாக்களிக்கவும் பொறுப்பு வகிக்கவும் நடப்பாண்டுச் சந்தா தேவைப்படும். நிலுவை குறித்த விதி சங்கத்துக்குச் சங்கம் வேறுபடுவதால், கிளையின் பொருளாளரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

கேள்வி: மாணவியர் கிளைக்கு ஆலோசகராக விரும்புகிறேன்.

பதில்: மிக நல்ல விருப்பம். ஆனால் உங்களுடன் படித்தவர்கள் அங்கே இருக்கும்வரை பொறுத்திருங்கள். தோழியாகவும் ஆலோசகராகவும் ஒரே சமயத்தில் இருப்பது கடினம். கணக்கு வழக்கையும் கூட்ட ஒழுங்கையும் கற்றுக்கொடுங்கள். முடிவுகளை மாணவியரே எடுக்கட்டும். புதியவர்களைத் துன்புறுத்தும் சடங்கு எதையேனும் கண்டால் மட்டும், நட்பையும் மரபையும் காரணம் காட்டி மறைக்காமல், அன்றே சங்கத்துக்கும் கல்லூரிக்கும் தெரிவித்துவிடுங்கள்.